மீன் கழுவிய தண்ணீர்

கடலைக் கெடுத்தவன்தான் கடலை வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கெடுத்தவன் யார் என்று முடிவுகட்டும் நாள் வந்தபோது, குருசுமுனையில் வள்ளம் வைத்திருந்த இருநூற்றுப் பதினோரு வீட்டுக்காரர்களையும் கோயில் மைதானத்தில் நிற்கவைத்து அவர்களைப் பார்த்து விரலை நீட்டிவிட்டார்கள். ஊருக்கு வடக்கே நாற்பது வருடமாகச் சுடுநீரையும் உப்புச் சாற்றையும் கடலில் கக்கிக்கொண்டிருந்த உப்பு நீக்கும் ஆலை அந்த மைதானத்தில் நிற்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்றைக்குப் பந்தல் போட்டுக் கொடுத்தவர்கள் ஆலைக்காரர்கள்.

அதிலிருந்து கித்தேரியின் வீட்டு முன்னறை கித்தேரிக்குச் சொந்தமில்லை. மூன்று பேர் படுக்கிற இடத்தை ஒரு கண்ணாடித் தொட்டி பிடித்துக்கொண்டது. அவள் புருஷன் நேவிஸ் நாலு வருடமாக அடுப்படியில் காலை மடக்கிப் படுக்கிறான். தொட்டிக்கு மேலே நீல விளக்கு, கீழே அலமாரிக்குள் வடிகட்டி ஓடும் கீழ்த்தொட்டி, பக்கத்தில் நுரையைக் கக்கும் ஒரு குடுவை, எப்போதும் உர்ரென்று ஒரு மோட்டார். உள்ளே முழங்கை நீளத்தில் ஒரு மான்கொம்புப் பவளம்.

கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டை அந்தப் பக்கத்தில் பார் என்பார்கள். பதினோரு வருடத்துக்கு முந்திய ஒரு கோடையில் தண்ணீர் கொதித்து, மன்னார் வளைகுடாப் பார்களெல்லாம் வெளுத்துச் செத்தன. சாகாமல் மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி எடுத்த பவள மீட்பு ஆணையம், வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து வளர்க்கச் சொன்னது. கடல் ஆறியதும் திரும்ப நடுவார்களாம். அதுவரை வீட்டிலுள்ள பவளம்தான் வள்ளத்துக்கு உரிமம். தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருந்தால் மறுநாள் கடலுக்குப் போக டோக்கன் வரும். இல்லாவிட்டால் வள்ளம் கரையில் கிடக்க வேண்டியதுதான்.

சுத்தமா இல்லையா என்று சொல்வது ஒரு கருவி. விரல் தடிமனில் வெள்ளையாக, வயரோடு கீழ்த்தொட்டியில் தொங்கும். தண்ணீரை ருசிபார்ப்பதால் ஊரார் அதற்கு நாக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். தீனி மிச்சமும் எச்சமும் அழுகினால் தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் என்று இரண்டு சத்துகள் ஏறும். அவை மிஞ்சினால் பாசி படர்ந்து பவளத்தை மூடிக் கொன்றுவிடும். அந்தமட்டுக்கும் உண்மை. எண் நாள் முழுக்கத் தெரியும், ஆனால் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நாக்கு வாசிக்கும் பத்து நிமிடம்தான் கணக்கு. எண் குறைவாக இருந்தால் வாசலில் பச்சை விளக்கு, கூடினால் சிவப்பு. அந்தப் பத்து நிமிடத்தில் நாக்கைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் உரிமம் போகும். முதல் வருடம் வடிகட்டித் துணியை மாற்ற மறந்து சிவப்பு எரிந்த அன்று, கித்தேரி பதறிப்போய் அதைப் பிடுங்கக் கையை நீட்டினாள். தற்செயலாக வந்திருந்த ஆய்வாளர் பரணிதரன் சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்து, பதினாலாம் விதியை நிதானமாக வாசித்துக் காட்டினார். தொடுமுன் கையை இழுத்துக்கொண்டதால் உரிமம் தப்பியது, வள்ளம் மட்டும் ஒரு வாரம் கரையில் கிடந்தது.

அதற்கப்புறம் தெருவுக்கே பயம் பிடித்துக்கொண்டது. குறைந்தால் நல்லது என்றால் பூஜ்யம் ரொம்ப நல்லது என்று ஆணையமும் சொல்லிவைத்தது. ஒரு மாதம் முழுக்கப் பூஜ்யம் காட்டுகிற வீட்டுக்கு ஆழ்கடல் டோக்கன். போதாதா? பெண்கள் ஒரு தடவை போட வேண்டிய துருமணலை மூன்று தடவை போட்டார்கள். அது பாஸ்பேட்டை உறிஞ்சும் செம்பழுப்புக் குருணை. நுரைக்குடுவையை ராத்திரி பகல் ஓட்டினார்கள். தொட்டியில் மீன் விடக்கூடாது, எச்சம் போடும் என்று ஆணையமே விதி வைத்திருந்தது. மீன்பிடிக்கிறவன் வீட்டில் மீன் இல்லாத கடல். தெருக்குழாயடியில் நின்றால் உன் வீட்டில் எத்தனை என்பாள் ஒருத்தி. பூஜ்யம் என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். புருஷன்மாருக்குச் சோறு பொங்கினார்களோ இல்லையோ, அந்தப் பூஜ்யத்தைப் பொங்கி இறக்காமல் ஒருத்தியும் உட்கார்ந்ததில்லை.

பூஜ்யம் வந்தது. பவளம் வெளுத்தது.

முதலில் நுனி, பிறகு கிளை. பழுப்பாய்த் தேன்மெழுகு நிறத்தில் இருந்த கொம்புகள் நாலாவது வருடத்தில் சுண்ணாம்பு பூசினது போல ஆகிவிட்டன. விளக்குப் பச்சையாகவே எரிந்தது. ஆணையத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தண்ணீர் நன்றாக இருந்தும் பவளம் வெளுத்தால் அது வளர்ப்பவரின் கவனக்குறைவு, பவளம் செத்தால் உரிமமும் செத்தது என்று எழுதியிருந்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கித்தேரி அந்தக் காகிதத்தைச் சுருட்டி அடுப்பில் போட்டாள். அடுத்த நிமிடமே போய்த் துருமணலை மாற்றினாள். கோபம் ஒரு கையிலும் பயம் ஒரு கையிலும் இருந்தால் வேறென்ன செய்ய?

நடந்தது ஒரு வியாழக்கிழமை. அவள் முற்றத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே தொட்டியில் டொக்கென்று சத்தம். பவளம் சாய்ந்து கண்ணாடியில் மோதிக் கிடந்தது. தொட்டிக்குள் கைவிடுமுன் மூன்று தடவை சோப்புப் போட வேண்டும் என்பது விதி. விதியை நினைக்க அவளுக்கு நேரமில்லை. மீன் ரத்தமும் செதிலும் ஒட்டிய கையை அப்படியே உள்ளே விட்டுக் கொம்பைத் தூக்கி நிறுத்தினாள். பிறகுதான் உறைத்தது. நாலு மணிக்குச் சிவப்புதான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தாள். அவள் கை பட்ட பக்கத்தில், ஆறு மாதமாகக் கல்லாய்க் கிடந்த கொம்பின் மேலே, கடுகளவு வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மயிரிழை போன்ற கைகளை நீட்டித் தண்ணீரைத் துழாவின. எதையோ பிடித்து உள்ளே இழுத்தன. பசித்த பிள்ளையை இத்தனை நாளும் குளிப்பாட்டி மட்டும் வைத்திருந்தோமே என்று கித்தேரி வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மத்தியானம் வந்த நேவிஸிடம் காட்டினாள். சின்ன வயதில் சங்கு குளித்தவன் அவன். பார் உயிரோடு இருந்த காலத்தைக் கண்ணால் பார்த்தவன். தொட்டிமுன் குத்தவைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"எனக்கு அப்பமே தெரியும்டி," என்றான். "பாருன்னா என்ன? கூட்டங்கூட்டமா மீனு வந்து அண்டும். பகல் பூரா அங்கனயே நின்னு மோளும், பேளும். அந்த மூத்திரத்துலதான் பாரு வளந்துச்சு. எந்தப் பாருல மீனு அதிகமோ அந்தப் பாருதான் கொழுத்து நிக்கும். இவிய என்னன்னா மீனே விடக்கூடாதுங்காவ."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"யார்ட்ட சொல்ல? கேட்டாத்தான சொல்ல."

அதுவும் சரிதான். நாலு வருடத்தில் ஆணையத்திலிருந்து ஆய்வாளர்கள், பயிற்சியாளர்கள், படம்பிடிப்பவர்கள் என்று எத்தனையோ பேர் வந்து அவன் வீட்டுத் தண்ணீரை ருசிபார்த்தார்கள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

அன்று சாயங்காலம் எண் கொஞ்சம் ஏறியது, ஆனால் சிவப்பு வரவில்லை. ஒரு கை அழுக்குக்கே இவ்வளவு ஏறினால் வயிறாரப் போட்டால் என்ன ஆகும் என்று கித்தேரி கணக்குப் போட்டாள். மறுநாள் காலையில் முடிவெடுத்தாள். கேன் தண்ணீரில் ஆணையம் கொடுத்த உப்பைக் கரைத்து ஒரு செம்பில் ஊற்றினாள். கீழ்த்தொட்டியிலிருந்து நாக்கை எடுத்து அந்தச் செம்பில் போட்டாள். செம்பை வடிகட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். பிறகு முற்றத்துக்குப் போய், வழக்கமாகக் கருவேப்பிலை மரத்துக்கு ஊற்றுகிற மீன் கழுவிய தண்ணீரைத் துணியில் வடித்து, ஒரு அகப்பை எடுத்து வந்து தொட்டியில் ஊற்றினாள். வாசலில் விளக்குப் பச்சையாக எரிந்தது. எண் பூஜ்யம்.

மூன்று வாரத்தில் நுனி பழுத்தது. ஒன்றரை மாதத்தில் கொம்பு முழுக்கத் தேன்நிறம் ஏறி, புதிதாக இரண்டு மொட்டும் விட்டது. சும்மா அள்ளி ஊற்றவில்லை அவள். முதல் வாரம் கூடிப்போய்க் கண்ணாடியில் பாசி படர்ந்ததும் பயந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாள். துருமணலைப் பாதியாகக் குறைத்தாள். நுரைக்குடுவையைப் பகலில் நிறுத்தினாள். பவளத்தின் முகத்தைப் பார்த்தே அதன் பசி தெரிய ஆரம்பித்தது அவளுக்கு.

அடுத்த வீட்டில் தெக்லாவின் பவளம் செத்துக்கொண்டிருந்தது.

தெக்லா வாட்டசாட்டமான பொம்பிளை. சத்தமும் அப்படித்தான். புருஷன் போனபிறகு தம்பியை வைத்து வள்ளம் ஓட்டிப் பிழைக்கிறவள். தினமும் சாயங்காலம் வந்து கித்தேரியின் வாசற்படியில் உட்கார்ந்து, தான் பூஜ்யத்துக்கு மேல் ஒரு நூல் ஏறவிட்டதில்லை, மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன், இன்னும் என்னதான் செய்ய என்று அழுவாள். கித்தேரியும் கூடச் சேர்ந்து அழுதாள். பொய் அழுகை இல்லை, மெய்யாகத்தான் அழுதாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. நாக்கை இடம் மாற்றுவது குற்றம், ஒரு வருடத்துக்கு உரிமம் ரத்து. தெக்லாவுக்கு ரகசியம் சொல்வதும் மாதாகோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று இரண்டு மாதம் ஓடியது. முன்னறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை தெக்லாவின் கொம்பு கையோடு உதிர்ந்து வந்தது. வாசலில் பச்சை விளக்கு எரிய எரிய, தெக்லாவின் உரிமத்தை எடுத்துக்கொண்டு, தொட்டியை அங்கேயே விட்டுப் போனார்கள். அந்த வாரத்திலேயே தெருவில் இன்னும் பதினேழு வீட்டில் அதுவே நடந்தது. பூஜ்யம் காட்டியவளுக்குத் தண்டனை, அந்தப் பூஜ்யத்தைக் கேட்டவனுக்குக் காரும் சம்பளமும். இதைச் சொல்லி வயிறெரிந்தவர்கள் உண்டு, காதில் வாங்கியவர் இல்லை.

செத்த பவளங்களைக் கணக்கெடுக்கத்தான் பரணிதரன் வந்தார். முப்பத்தைந்து வயது, மெலிந்த ஆள், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறவர். கித்தேரி வீட்டுக்குள் நுழைந்தவர் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். தெருவில் அன்றைக்குப் பத்து வீட்டில் எலும்பு போன்ற வெள்ளையைப் பார்த்துவிட்டு வந்த கண்.

"இது எப்படிம்மா?" என்றார். எண்ணைப் பார்த்தார். பூஜ்யம். இரண்டு மாத வரலாற்றைத் தட்டிப் பார்த்தார். பூஜ்யம், பூஜ்யம்.

கித்தேரி ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டாள்.

"தண்ணியில ஒண்ணுமே இல்லன்னா, அது எதைத் தின்னு சார் உசுரோட இருக்கும்?"

"அதுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும்மா. வெளிச்சத்தை வெச்சு அந்தப் பாசி சமைச்சுப் போடும். பவளம் சாப்பிட்டுக்கும். அந்தப் பழுப்பு நிறமே பாசியோட நிறம்தான்."

"அந்தப் பாசிக்கு யாரு போடுவா?"

பரணிதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் வேண்டும் என்று படித்த ஞாபகம் என்றும், ஆனால் ஆணையத்தின் அளவுகோலை முடிவுசெய்தது பெரிய நிபுணர் குழு என்றும் தனக்குள்ளே முனகுவதுபோல் சொன்னார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு ஒரு நல்ல செய்தி என்றார். மாவட்டத்தில் பூஜ்யமும் உயிருள்ள பவளமும் சேர்ந்து இருப்பது இந்த ஒரு வீட்டில்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஆணையக் கூடத்தில் விசாரணை. உரிமம் போன வீட்டுக்காரர்கள் அளவுகோல்தான் தப்பு என்று மனுப் போட்டிருக்கிறார்கள். கித்தேரி வந்து நின்றால் போதும். பூஜ்யத்தில் பவளம் வளரும், மற்றவர்கள்தான் கவனிக்கவில்லை என்று சாட்சி ஆகிவிடும். அவளுக்கு ஆயுசுக்கும் ஆழ்கடல் டோக்கன்.

அவர் போன பிறகு கித்தேரி அலமாரியைத் திறந்து அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவளத்தைப் பிழைக்கவைக்கச் சொன்ன பொய், இப்போது பதினெட்டு வீட்டுக் கழுத்தில் சுருக்காக விழப்போகிறது. தெக்லாவின் கழுத்திலும்தான். சாயங்காலம் நேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உண்மையைச் சொன்னால் ஒரு வருடம் வள்ளம் அசையாது என்றும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். கை கழுவிவிட்டு எழுந்தான்.

"வள்ளத்த மேட்டுல ஏத்திப் போட்டுட்டு வாரேன்," என்றான். "மழைக்கு முன்ன தார் பூசணும்னு நெனச்சிட்டேதான் இருந்தேன்."

வெள்ளிக்கிழமை ஆணையக் கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலுக்கு எதிரே ஆளுயரத் தொட்டி ஒன்று. ஆலைக்கும் சட்டம் பெயருக்கு ஒரு தொட்டி கொடுத்திருந்தது, இதுதான் அது. ஒரே ஒரு தொட்டி. கடலில் கழிவைக் கொட்டும் ஆலையின் உரிமம் முழுக்க அந்தத் தொட்டியின் எண்ணில்தான் நின்றது. நாலு வருடத்தில் அது ஒருநாளும் சிவந்ததில்லை என்று பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் ஊதாவும் பச்சையும் தேன்நிறமுமாகப் பவளக்காடு. நடுவில் முப்பது நாற்பது மீன்கள். வீட்டுத் தொட்டிக்கு மீன் கூடாது, அலுவலகத் தொட்டிக்குக் கூடும். பார்க்க அழகு வேண்டுமல்லவா.

விசாரணையை நாலு மணி வாசிப்போடு முடிக்க ஏற்பாடு. எல்லோர் முன்னாலும் பெரிய திரையில் பூஜ்யம் வரும், ஆணையத் தலைவர் பேசுவார், காபி கொடுப்பார்கள். குருசுமுனைப் பெண்கள் நாற்பது பேர் பின்வரிசையில் நின்றார்கள். தெக்லா எதிலும் சாயாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூன்றரை மணிக்கு ஒரு ஊழியர் ஏணியில் ஏறி, விருந்தாளிகள் பார்ப்பதற்காக மீன்களுக்குத் தீனி போட்டார். பொடியாக நறுக்கிய இறால், கிண்ணம் நிறைய, சாற்றோடு. மீன்கள் பாய்ந்தன, தண்ணீர் கலங்கியது, பவளங்கள் வாய் திறந்தன. கித்தேரி மட்டும் தொட்டியைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். அவள் வீட்டில் அரை அகப்பை ஊற்றினாலே, நாக்கு உள்ளே இருந்தால், எண் ஒரு நூலாவது ஏறி இறங்கும். இங்கே ஒரு கிண்ணம் இறால் சாறு இறங்கியும் திரையில் பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. ஒரு துடிப்புக்கூட இல்லை.

பாம்பின் கால் பாம்பறியும். இங்கேயும் நாக்கு தொட்டியில் இல்லை. பதினெட்டு வீட்டுப் பிள்ளைகள் கஞ்சி குடித்துக் கிடக்க, இவர்கள் இங்கே தெரிந்தே செய்திருக்கிறார்கள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். சத்து வேண்டும் என்று இவர்களுக்குத் தெரியும். தங்கள் தொட்டிக்கு ஊட்டிவிட்டு, ஊரானுக்குப் பூஜ்யத்தைப் பரிமாறியிருக்கிறார்கள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளை முன்னால் கூப்பிட்டார்கள். தலைவர் சிரித்துக்கொண்டே, பூஜ்யத்தில் பவளம் வளர்த்த கதையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்றார். கித்தேரி மைக்கைத் தொடவில்லை.

"நான் பூஜ்யத்துல வளக்கல," என்றாள். "நாக்க எடுத்துச் செம்புல போட்டேன். தொட்டியில மீன் கழுவுன தண்ணி ஊத்துனேன். அதனாலதான் பொழச்சிது. இவிய கவனக்குறைவு ஒண்ணும் இல்ல. நீங்க பட்டினி போடச் சொன்னீங்க, இவிய போட்டாவ. அது செத்துது."

பின்வரிசையிலிருந்து தெக்லாவின் குரல் வந்தது. வழக்கமான சத்தம் இல்லை.

"ரெண்டு மாசம் எங்கூட உக்காந்து அழுதியேட்டி."

கித்தேரி திரும்பிப் பார்த்தாள். பயந்துவிட்டேன் எக்கா என்று மட்டும் சொன்னாள். பிறகு தொட்டிப் பக்கம் நடந்து, யாரும் என்ன ஏதென்று யோசிக்குமுன் கீழ் அலமாரியைத் திறந்தாள். உள்ளே கீழ்த்தொட்டி, வடிகட்டி, நுரைக்குடுவை. வெள்ளை வயர் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு பின்னால் போயிற்று. இருபது லிட்டர் கேன் ஒன்றில் முடிந்தது. கேனுக்குள் நாக்கு தனியாக, நிம்மதியாகக் கிடந்தது.

வேறு வேலி வேண்டாம், இந்த வேலியே போதும் பயிரை மேய. அவள் நாக்கை வெளியே இழுத்துக் கீழ்த்தொட்டித் தண்ணீரில் போட்டாள். ஆலை ஆட்கள் இரண்டு பேர் பாய்ந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் தெக்லா வந்துவிட்டாள். அலமாரிக் கதவை முதுகால் சாத்திக்கொண்டு, தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். அவளை நகர்த்துவதென்றால் வள்ளத்தைக் கரையேற்றும் கப்பி வேண்டும். மற்றப் பெண்கள் பேசாமல் வந்து சுற்றி நின்றார்கள்.

டிங் என்று ஒலித்தது. நாலு மணி. வாசிப்பு ஆரம்பமாகிவிட்டது.

தலைவர் முகம் வெளுக்க, கருவி கோளாறு, உடனே பிடுங்குங்கள் என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினாரோ அந்தப் பரணிதரன் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார்.

"பதினாலாம் விதி," என்றார். அன்று கித்தேரிக்கு வாசித்த அதே பக்கத்தைப் பிரித்தார். "வாசிப்பு நடக்கிற பத்து நிமிஷம், தொடுறவங்க யாரா இருந்தாலும் உரிமம் போயிடும். யாரா இருந்தாலும்னுதான் சார் போட்டிருக்கு."

பத்து நிமிடம் கூடத்தில் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் எண் ஏறிற்று. வீட்டுத் தொட்டிக்கு விதித்த அளவைத் தாண்டி, அதைப்போல் ஆறு மடங்கு தாண்டி நின்றது. சிவப்பு எரிந்தது. அந்தச் சிவப்பின் வெளிச்சத்தில் பவளங்கள் கொழுத்து ஆடிக்கொண்டிருந்தன. சிவந்தால் ஆலையின் உரிமத்தை ரத்துசெய்வது மனிதர் கையில் இல்லை, இயந்திரமே செய்யும் என்று பெருமையடித்த சட்டம் அது. செய்துவிட்டது. பிறகு பரணிதரன் கித்தேரியிடம் வந்து, அவளுடைய ஒரு வருட ரத்து உத்தரவைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் நேவிஸ் அவளைக் கரைக்குக் கூட்டிப்போனான். வடக்கே ஆலையின் கழிவுக்குழாய் நாற்பது வருடத்தில் முதல்முறையாக வறண்டு கிடந்தது. வாய்க்குள் நண்டு ஒன்று எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பியது. நேவிஸ் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்றான்.

"குளுந்து கெடக்குட்டி," என்றான்.

பதினோரு மணிக்கு ஆலைக்காரர்கள் மேலிடத்தில் பேசி இடைக்கால அனுமதி வாங்கிவிட்டார்கள். பொதுமக்களின் குடிநீர்த் தேவையை முன்னிட்டு என்று காரணம். குழாய் திரும்பவும் கக்க ஆரம்பித்தது. ஒரு ராத்திரியும் அரைப் பகலும் கடலுக்கு மூச்சு வந்தது, அவ்வளவுதான். கித்தேரியின் ஒரு வருடத்துக்கு இடைக்காலமும் கிடையாது, மேலிடமும் கிடையாது. பவளங்களின் பட்டினிச் சாவுகளை அளவுகோல் மறுபரிசீலனைக் குழு ஆராயும் என்று வானொலியில் சொன்னார்கள். குழுவின் பெயர்களில் ஒரு மீன்காரன் பெயரும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த கித்தேரி வானொலியை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள்.

மூன்று மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. தெக்லா நின்றாள். கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அதில் பாதிக்குக் கடல்தண்ணீர். அவள் கித்தேரியின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து தொட்டிமுன் நின்று, அந்தத் தேன்நிறக் கொம்பையும் புது மொட்டுகளையும் பார்த்தாள்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராத," என்றாள்.

கித்தேரி தலையாட்டினாள். ஆணையத்தின் சொத்தான பவளத்தை ஒடித்து இன்னொருவருக்குக் கொடுப்பது தனிக் குற்றம், அதற்குத் தனி விதி. அவள் சோப்புப் போடாத கையைத் தொட்டிக்குள் விட்டு, விரல் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்தாள். அடுத்து நின்ற கிளையையும் ஒடித்தாள். இரண்டையும் தூக்குவாளியில் வைத்தாள்.

தெக்லா வாளியை மூடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தன அகப்ப?"

"மொத வாரம் அரை. ஒருநா விட்டு ஒருநா. கண்ணாடியில பாசி வந்தா ஒரு தடவ விட்டுரு எக்கா."

"நாக்கு?"

"தொட்டியிலயே கெடக்கட்டும்."

தெக்லா வாளி அலுங்காமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நாலு மணிக்கு அவள் வீட்டு வாசலில் சிவப்பு எரிந்தது. தெருவில் எல்லாரும் பார்க்கட்டும் என்று கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில், பவளம் செத்த எதிர்வீட்டுக்காரி ஒரு தூக்குவாளியோடு அவள் படியேறினாள்.